பத்து பன்னிரண்டுக்கு இருபத்து மூன்று யானை

06.10.2025, திங்கள்

காலை 10.12. தாள்கள் 23.

மாடி ஆபீசின் பெரிய பிரிண்டரிலிருந்து, யாரும் கேட்காமல், இருபத்து மூன்று யானைகள் வந்தன. எல்லாம் ஒரே யானை. வண்ணம் தீட்டுவதற்காக உள்ளே வெள்ளையாக விட்ட கோட்டுப் படம். தும்பிக்கையில் ஒரு பலூன்.

அப்போது பிரிண்டர் அருகே நின்றிருந்தவர் சுகந்தி அக்கா. மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர் கேட்பதும் கீழே தையல் பிரிவு தைப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தன் ஆர்டர் ஷீட்டுக்காகக் கையை நீட்டிக் காத்திருந்தவர் யானைகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார்.

"ஏனுங்க இசக்கி, நம்ம கம்பெனி பனியனை விட்டுட்டு சர்க்கஸ் நடத்தப் போகுதுங்களா?"

"யாரோ தப்பா அமுக்கியிருக்காவக்கா. அணைச்சுப் போட்டா சரியாயிரும்."

அணைத்துப் போட்டேன். சரியாகிவிட்டது.

எரிச்சல்தான். நான் திருப்பூருக்கு வந்து இரண்டு மாதம். பதினொரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரே சிஸ்டம் ஆள் நான். ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் திரும்ப ஓடவிட்டோம். அன்று பதினொரு கம்ப்யூட்டரும் பிரிண்டரைக் காணோம் என்று சாதித்தன. ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்தேன். இனிப் பிரச்சினையே வராது என்று ஜி.எம்.மிடம் சொல்லி மூன்று நாள்கூட ஆகவில்லை.

07.10.2025, செவ்வாய்

10.12-க்கு 23. 10.15-க்கு இன்னொரு 23. மொத்தம் 46. இன்று ஆமை.

பிரிண்டரின் பதிவேட்டைப் பார்த்தேன். அனுப்பியவர் பெயர்: அட்மின். எனக்கு முன்னால் இங்கிருந்த ஆள் ஒரு கம்ப்யூட்டரைத் தயார்செய்து, அதையே எல்லாவற்றிலும் நகலெடுத்துப் போட்டிருக்கிறார். அதனால் பதினொரு பேரும் அட்மின். பதினொரு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் கூப்பிட்டதும் எல்லோரும்தான் திரும்புவார்கள். இதை யோசிக்காத ஒருவர் நான்கு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

கேபிள் பார்ப்பதற்காக சுகந்தி அக்காவின் மேசைக்கடியில் கிடந்தபோது அவர் தானாகவே பேசினார். மகள் இதழினி எல்.கே.ஜி. பள்ளி விட்டதும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊர் மாறுகிறார்கள். தினமும் ஆறுக்குப் பதில் நாலரைக்குக் கிளம்ப அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"பதிமூணாந் தேதி ஜி.எம். முடிவு சொல்றேன்னாருங்க. முடியாதுன்னுட்டா வேலைய விடறதத் தவிர எனக்கு வழியில்லைங்க. எட்டு வருசம் ஆச்சு இசக்கி இங்க வந்து."

"மேசையை ஒரு பக்கமாத் தூக்குங்கக்கா, ஒயரு மாட்டிக்கிட்டு" என்றேன்.

இது என் வேலைக்குச் சம்பந்தமில்லாதது. எழுதியாயிற்று, அடிக்க வேண்டாம்.

மாலையில் செக்யூரிட்டி ஒரு சீட்டு கொண்டுவந்து கொடுத்தார். 'பின் கட்டடம். பிரிண்டரில் ஒன்றும் வருவதில்லை. உடனே பார்க்கவும். ரமீஜா.' என்னிடம் உள்ள பட்டியலில் பின் கட்டடத்தில் கம்ப்யூட்டரே கிடையாது. அது குடோன் என்றுதான் நினைக்கிறேன். பட்டியலில் இல்லாததற்கு நான் பொறுப்பல்ல. சீட்டைச் சட்டைப்பையில் போட்டேன். எனக்கு இங்கேயே தலைக்கு மேல் ஆமை.

08.10.2025, புதன்

69. நண்டு.

அக்கவுண்ட்ஸ் நல்லசிவம் சார் ஒரு நண்டை எடுத்து, பில்லில் கோடு போடும் மஞ்சள் பேனாவால் நிரப்பி, பீரோவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறார். கேட்டால், "சும்மா தானுங்க தம்பி கெடந்துச்சு" என்கிறார். ஐம்பத்து நான்கு வயது. கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டுப் போகவில்லை.

09.10.2025, வியாழன்

10.12. தாள்கள் 23. வாத்து. மூன்றாவது வாத்துக்குப் பிறகு பிரிண்டர், நடுவில் காத்திருந்த ஆர்டர் ஷீட்டை அடித்துவிட்டு, மிச்ச இருபது வாத்தை விட்டது. அவசரத்தில் யாரோ அந்தக் கட்டை அப்படியே ஸ்கேன் செய்து டென்மார்க் பையருக்கு அனுப்பிவிட்டார்கள். பையர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்: 'வாத்து டிசைன் எந்த சைசுக்கு?'

ஜி.எம். தேவசிகாமணி சார் கேபினை விட்டு வெளியே வந்தார். வழக்கமாக வரமாட்டார், மணிதான் அடிப்பார். கையில் வாத்து.

"என்னப்பா இது? ஒரு வாரமா ஆபீசா நடக்குது இங்க? யாரு பண்றதுன்னு எனக்கு இப்பத் தெரியோணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கணக்கைச் சொன்னேன். பதினொரு கம்ப்யூட்டரின் பதிவையும் பார்த்துவிட்டேன், எதிலிருந்தும் இந்தப் படம் போகவில்லை. ஆகவே வைஃபை வழியாக ஒரு போனிலிருந்து வருகிறது. வைஃபை பாஸ்வேர்டை என்னிடம் போன வாரம் கேட்டு வாங்கியவர் ஒருவர்தான். வண்ணம் தீட்டுகிற வயதில் குழந்தை இருப்பதும் அவருக்குத்தான்.

"சுகந்தி அக்கா போன்லருந்துதான் சார் வருது. அக்கா, பிள்ளைக்குப் படம் வேணும்னா வெளியில எடுத்துக்கிடுங்க. ஆபீஸ் பிரிண்டரைக் குழப்பாதிய."

"என்ற போன்லீங்களா?" அவர் போனை நீட்டினார். "எடுத்துப் பாருங்க."

"அழிச்சிட்டும் காட்டலாம்லா. நேரம் குறிச்சு வச்சும் அனுப்பலாம் சார், அதுக்கு வசதி இருக்கு."

கடைசி வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொன்னது.

அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். ஜி.எம். பெரிதாகக் கத்தவில்லை. "அந்த நாலரை மணிப் பேப்பரு என்ற மேசையிலதான இருக்குது, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தர்க்கம் சரியானது. எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. மதியம் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டேன். மெஸ் சாம்பாரில் உப்பு கூட.

10.10.2025, வெள்ளி

10.12. தாள்கள் 23. கங்காரு.

ஆனால் 10.12-க்கு சுகந்தி அக்கா ஜி.எம். கேபினில் நின்றிருந்தார். அவருடைய போன் ஜி.எம். மேசையில் அணைத்துக் கிடந்தது. பிரிண்டர் அருகே நின்று, கேபின் கண்ணாடி வழியாக இரண்டையும் என் கையில் மூன்றாவதையும் பார்த்தேன்: அக்கா, போன், கங்காரு.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன்.

"சார், இவங்க இல்ல சார். இப்பவும் வருது."

"நேரம் குறிச்சு வெச்சு அனுப்பலாம்னு நேத்து நீதானப்பா சொன்ன?"

"அணைச்ச போன்லருந்து முடியாது சார்."

"அப்ப யாரு?"

"தெரியல சார்."

"தெரியாதவன் நேத்து அத்தன பேரு முன்னாடி எப்படிச் சொன்ன?"

சுகந்தி அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம காலையில யாருன்னு வந்து சொல்லு" என்றார் ஜி.எம். "இல்லீன்னா இந்தம்மா பேருதான் நிக்கும். பேரு கெட்டவங்களுக்குச் சலுகை குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. என்னால முடியாது."

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குள் நல்லசிவம் சார், கங்காருவின் பைக்குள் இருக்கும் குட்டிக்கு என்ன நிறம் போடலாம் என்று கேட்டுவிட்டார். பழுப்பு என்றேன். அவரிடம் பழுப்பு இல்லை.

11.10.2025, சனி

இன்று நிறைய எழுத வேண்டும்.

பத்து மணிக்கு ஆபீசையே நிறுத்தினேன். பதினொரு கம்ப்யூட்டரையும் அணைத்தேன். வைஃபையை அணைத்தேன். பிரிண்டரும், கேபிள்களெல்லாம் வந்து சேரும் ரூட்டர் பெட்டியும் மட்டும் ஓடின. எல்லோரும் எழுந்து வந்து, கிரகணம் பார்ப்பதுபோல, பிரிண்டரைச் சுற்றி நின்றார்கள்.

10.11. ஒன்றுமில்லை.

10.12. பிரிண்டர் ஒரு பெருமூச்சு விட்டது. முதல் மயில் வந்தது. பிறகு இருபத்திரண்டு மயில்.

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். சுகந்தி அக்கா சிரித்துவிட்டார். வியாழனுக்குப் பிறகு இப்போதுதான். என்னைப் பார்த்து அல்ல, மயிலைப் பார்த்து. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஏனென்று ஆராயவில்லை, நேரமில்லை.

பதினொன்றும் செத்துக் கிடக்கும்போது படம் வருகிறதென்றால் பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது. ரூட்டர் பெட்டியில் சொருகியிருந்த கேபிள்களை எண்ணினேன். பிரிண்டருடையது போக, பன்னிரண்டு. இதை நான் திங்கட்கிழமையே எண்ணியிருக்கலாம். எண்ணுவது என் பழக்கம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன்.

பன்னிரண்டாவது, நீல நிறம். ஒரு கையில் மயில் தாளோடு, மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனேன். ஜன்னல் ஓட்டை வழியாக வெளியேறி, மழைத்தண்ணீர்க் குழாயோடு கீழே இறங்கி, கட்டிங் பிரிவின் கூரையோரமாக ஓடி, ஒரு வேப்பங்கிளையில் தொங்கி, பின் கட்டடத்துக்குள் நுழைந்தது. இரண்டு மாதத்தில் நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆபீஸ்காரர்கள் யாரும் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

வாசலில் செருப்புகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. எண்ணினேன். 23 ஜோடி.

தைக்கிற பெண்களின், இன்னும் பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கான அறை அது. பால் குடித்த வாயோடு இருபத்து மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குட்டை மேசையில் ஒரு அம்மாள் கையால் மயில் வரைந்துகொண்டிருந்தார். ஆறு மயில் முடிந்திருந்தது, ஏழாவதற்குத் தோகை போய்க்கொண்டிருந்தது. மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று, பக்கத்தில் சின்னப் பிரிண்டர் ஒன்று. நீலக் கேபிள் ஒரு சின்னப் பெட்டியில் பிரிந்து இரண்டுக்கும் போயிருந்தது. இரண்டிலும் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

அவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அது என்ற மயிலாச்சே."

"ஒங்க மயிலு மாடியில வந்து எறங்குது டீச்சர். ஆறு நாளா. யானை, ஆமை, நண்டு, வாத்து, கங்காரு, எல்லாம்."

அவருக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். காரணம் தெரியாமலே இருபத்து மூன்று பேரும் சிரித்தார்கள்.

"பாலு குடிச்சு முடிச்ச ஒடனே படம் குடுக்கணுமுங்க. இல்லீன்னா ஒருத்தரையொருத்தர் கடிச்சு வெச்சிருவாங்க. நானும் அமுக்கறேன், அமுக்கறேன், ஒண்ணும் வரல. மறுக்கா அமுக்கறேன். புதன்கெழம மூணு வாட்டி அமுக்கினேன் தம்பி. அப்பறம் தெனம் ஒரு வாட்டி அமுக்கிப் பாத்துட்டுக் கையாலயே வரைய ஆரம்பிச்சுட்டேன். நேத்து இருபத்து மூணு கங்காரு. கடைசி நாலு நாயாட்டம் ஆயிப் போச்சு."

"அது நாய்தான்" என்றான் ஒரு பையன், உறுதியாக.

"சீட்டு எழுதிக் குடுத்தனே, செவ்வாக்கெழம?" என்றார் ரமீஜா டீச்சர்.

"எந்தச் சீட்டு?" என்றேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. கேட்டபோது இல்லை.

"பூசைக்கு முந்தி நல்லாத்தானுங்க வந்துட்டிருந்துச்சு. லீவு முடிஞ்சு திங்கக்கெழம தொறந்ததுல இருந்துதான் இப்படி."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரூட்டர் பெட்டி, தன்னிடம் வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி ஒரு எண் கொடுக்கும். டீச்சரின் சின்னப் பிரிண்டருக்கு 50. மாடிப் பிரிண்டருக்கு வேறு எண். பெட்டியை அணைக்காதவரை யார் எண்ணும் மாறாது. பூசைக்கு அந்தப் பெட்டியைக் கழற்றி, அதன் பழைய கணக்கெல்லாம் அழிந்துபோகும்படி பின்னாலிருக்கும் பொத்தானையும் அழுத்தி, சுத்தமாக இருக்கட்டும் என்று ஈரத்துணியால் துடைத்து, குங்குமமும் வைத்தான் ஒருவன். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் மாடிப் பிரிண்டரை முதலில் ஓடவிட்டார்கள். முதலில் வந்ததற்கு 50 போய்விட்டது. பதினொரு கம்ப்யூட்டருக்கும் அந்தப் புது எண்ணைச் சொல்லிக் கொடுத்தான் அதே ஆள். பன்னிரண்டாவதற்குச் சொல்லவில்லை. அது பாவம், வழக்கம்போல ஐம்பதுக்கே யானையை அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்த ஆள் நான்.

சின்னப் பிரிண்டரின் புது எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டேன். நான்கு நிமிட வேலை. டீச்சர் அமுக்கினார். சின்னப் பிரிண்டர் இருமியது, திணறியது, முதல் மயிலின் கொண்டையைக் கொஞ்சமாக வெளியே நீட்டியது. அறையே எழுந்து கூவியது. நான் இதுவரை எத்தனையோ பழுது பார்த்திருக்கிறேன். யாரும் கூவியதில்லை. "சரி, போகலாம்" என்பார்கள்.

பிறகு நாற்பது நிமிடம் அங்கே இருந்தேன். பிரிண்டர் தொடர்ந்து ஒழுங்காக ஓடுகிறதா என்று கண்காணிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு மயிலுக்கு நீலம் அடித்தேன். கோட்டுக்கு வெளியே போய்விட்டது. நாய் என்று சொன்ன பையன் பார்த்துவிட்டு, "பரவால்ல மாமா, நீங்க புதுசுதான்" என்றான்.

12.10.2025, ஞாயிறு

துணி துவைத்தேன். செவ்வாய்க்கிழமைச் சட்டையின் பையிலிருந்து கூழாக ஒரு காகிதம் வந்தது. 'உடனே' என்ற சொல் மட்டும் படிக்க முடிந்தது.

நாளை சொல்ல வேண்டியதைப் பதினொரு வரி எழுதினேன். பத்தை அடித்துவிட்டேன்.

13.10.2025, திங்கள்

காலை 9.20-க்கு ஜி.எம். கேபின். இந்த முறை தட்டினேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப பெட்டியக் கழட்டினது யாரு?"

"நான் சார்."

"எண்ணை மாத்திப் போட்டது?"

"நான் சார்."

"அந்தம்மா மேல பழியப் போட்டது?"

"அதுவும் நாந்தான் சார்."

"ஏம்ப்பா, ஒத்த ஆளா இத்தன வேலையா பாக்கற?"

சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. மீசை பெரியது. நான் விடவில்லை.

"அந்த நாலரை மணிப் பேப்பர்ல இன்னைக்குக் கையெழுத்துப் போடணும் சார். அவங்க பேரு கெட்டது என்னால. அதுக்கு என்னைய என்ன செய்யணுமோ செய்யுங்க."

"எனக்கு நீ டைம் சொல்றயா? போயி அந்தம்மாவ வரச் சொல்லு."

சுகந்தி அக்கா உள்ளே போனார். மூன்று நிமிடம். கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாது என்று பிரிண்டரின் டிரேயில் தாள் அடுக்கினேன். ஏற்கெனவே நிறைந்திருந்ததால் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினேன். அவர் கையில் அந்தக் காகிதத்தோடு வந்து நேராக என் முன்னால் நின்றார். கையெழுத்து பச்சை மையில், ஓரத்தில் தேதியோடு. எட்டி நின்றே படிக்க முடிந்தது.

இப்போது என் முறை. எங்கே சொன்னேனோ அங்கேயே, அத்தனை பேரும் இருக்கும்போதே.

"அக்கா, வியாழக்கெழம நான் சொன்னது தப்பு. ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காமச் சொன்னது அதைவிடத் தப்பு. மன்னிச்சிருங்க."

"இன்னொருக்காச் சொல்லுங்க இசக்கி. கடைசி மேசைல இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்களாம்."

சொன்னேன். சத்தமாக.

"இப்பக் கேட்டுதுங்க" என்றார் கடைசி மேசையிலிருந்து நல்லசிவம் சார்.

"அன்னிக்கு ராத்திரி பூரா என்ற போனை நானே நோண்டிப் பாத்தனுங்க" என்றார் அக்கா. "நம்மளையும் அறியாம அமுக்கியிருப்பமோன்னு. அவ்ளோ நிச்சயமாச் சொன்னீங்க நீங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு அவரே, "செரி போங்க, முடிஞ்சுது. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க, பையருக்குப் புடிக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

10.12. பிரிண்டர் சும்மா இருந்தது. நான் வெற்றி என்று எழுத நினைத்தேன். சுற்றிப் பார்த்தால் பத்து தலைகள் அதன் பக்கம் திரும்பியிருந்தன.

"இன்னிக்கு ஒண்ணுமே வரலீங்களே தம்பி" என்றார் நல்லசிவம் சார். கையில் புதுப் பேனாப் பெட்டி. பழுப்பு உட்படப் பன்னிரண்டு நிறம்.

"அங்க வந்திருக்கும். கீழ போயிப் பாக்கலாம் வாங்க" என்றார் சுகந்தி அக்கா.

போனோம். ஆபீசே இறங்கிப் பின் கட்டடத்துக்குப் போனது. சுகந்தி அக்காவுக்கு எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவையாம். இன்று முதலை. டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார், ஆனால் கலர் பென்சில் மட்டும் குழந்தைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார். நல்லசிவம் சார் தன் பெட்டியைத் திறந்ததும் அவர் மடியில் நான்கு பேர் ஏறிவிட்டார்கள். ஜி.எம். எங்களைத் தேடிக்கொண்டு வந்து, வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று எழுந்தோம். செருப்பைக் கழற்றினார்.

மாலை 4.30. சுகந்தி அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெயில் இன்னும் இருந்தது. படிக்கட்டில் அவர் இறங்கும் சத்தம் வேகமாக இருந்தது, இரண்டிரண்டு படியாக இருக்கலாம். நான் எண்ணவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. இரண்டு பிரிண்டருக்கும் மாறாத எண். நாளை காலை முதல் வேலை.

2. பட்டியலில் பின் கட்டடத்தைச் சேர்ப்பது. காம்பவுண்டு முழுக்க ஒருமுறை நடந்து, கேபிள் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போய், இருப்பவர் பெயரைக் கேட்டு எழுதுவது.

3. அட்மினை ஒழிப்பது. பன்னிரண்டு பேருக்கும் அவரவர் பெயர்.

4. சீட்டு வந்தால் அன்றைக்கே போய்ப் பார்ப்பது.

5. ஒருவர் செய்தார் என்று சொல்வதற்கு முன்னால் அவரிடம் கேட்பது. தனியாக. பதில் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது.

6. நாலரையிலிருந்து ஆறு வரை சுகந்தி அக்கா பெயருக்கு வரும் ஆர்டர் ஷீட்டுகளை எடுத்து, வரிசைப்படுத்தி, அவர் மேசையில் வைப்பது. காலையில் வந்ததும் தேடக் கூடாது. இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. இன்று வந்தவை 14. வைத்துவிட்டேன்.